அல்பிரட் கங்காணி கொடுத்த குளிசை

றக்வானைக்கு மேலே, பஸ் ஏறி முடிகின்ற இடத்திலிருந்து இன்னும் சற்று மேலே, ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேற்பிரிவில் அல்பிரட் பிறந்தார். அங்கேயே தொழிலாளியாகப் பேர் பதிந்து, அங்கேயே கங்காணியாகி, அங்கேயே ஓய்வும் பெற்றார். ஓய்வு பெற்ற பின்னரும் ஊரார் அவரைக் கங்காணி என்றே அழைத்தனர். வேறு பெயர் சொல்லி அழைத்தால் அவர் திரும்பிப் பார்ப்பதில்லை.

அவர் கெட்டவர் அல்லர். கொழுந்து நிறுக்கும்போது தராசில் கை வைத்ததில்லை; பெண்களை வாய்க்கு வந்தபடி ஏசியதில்லை. அவரிடம் கடுமையானதாக ஒரே ஒரு சட்டம் இருந்தது. மலையில் கழிப்பறை கிடையாது. கொழுந்தெடுக்கும் பெண்ணுக்குத் தேவை ஏற்பட்டால், அவள் நிரையை விட்டு விலகி, ஓடைப் பக்கமாக ஒதுங்கிவிட்டு வர வேண்டும். ஒருமுறை ஒதுங்கினால் அல்பிரட் வானத்தைப் பார்த்துக்கொள்வார். மறுமுறை ஒதுங்கினால், மலை முழுவதற்கும் கேட்கும்படி, "அடக்கப் பழகணும். மனசு வச்சா முடியாதது இல்ல" என்பார். அதற்கு மேலும் ஒதுங்கினால் அன்றைக்கு அரைப்பேர்தான், பாதிச் சம்பளம்.

தாம் கைக்கொள்ளாத ஒன்றை அவர் பிறருக்குச் சொல்லவில்லை. ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில் வந்து நின்றாரானால் மாலைக் கொழுந்து நிறுத்து முடியும்வரை அவர் ஒதுங்கியதை எவரும் கண்டதில்லை. இதைப் பற்றிப் பெண்கள் தமக்குள் பேசிக்கொண்டனர்.

"ஆண்டவரு கங்காணிக்கு மட்டும் பைப்புக்குப் பூட்டும் போட்டு அனுப்பியிருக்காரு" என்று மருதாயி ஒருமுறை சொன்னாள். கூடையை நெற்றியில் மாட்டியபடியே அவள் சொன்ன அந்த வாக்கியம் மூன்று மலைகளைக் கடந்து சென்றது. அல்பிரட்டின் காதிலும் விழுந்தது. அவர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

அறுபத்தெட்டாம் வயதில் அந்தப் பூட்டு அவருக்கே எதிராகத் திரும்பியது. போக வேண்டும் போலிருக்கும்; போனால் வராது; திரும்பி வந்து உட்கார்ந்தால் மறுபடியும் போக வேண்டும் போலிருக்கும். தோட்டத்து மருந்தகத்தில் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. தம்மை அறியாதவர்கள் இருக்கும் இடமாகத் தேடி, கஹவத்தைப் பக்கத்தில் ஒரு கிளினிக்குக்குப் போனார். உறவினர் ஒருவருக்குச் சுகமில்லை, பார்த்துவிட்டு வருகிறேன் என்று மாதந்தோறும் சொல்லிச் சென்றார். அந்த உறவினர் தேறவும் இல்லை, இறக்கவும் இல்லை. கிளினிக்கில் கொடுத்த காகித உறையில் அவருடைய பெயரும் மருந்தின் பெயரும் அளவும் எழுதப்பட்டிருந்த மேற்பகுதியை, வீட்டுக்கு வந்தவுடன் கிழித்து அடுப்பில் போட்டுவிடுவார். மிச்சமிருந்த உறையைக் குளிசைகளுடன் ஒரு வெற்றுப் பவுடர் டின்னுக்குள் வைப்பார். இதை அறிந்தவர் உலகத்தில் அவருடைய மனைவி செலினா ஒருத்தியே.

வெளியே தெரிந்தால் பெண்கள் என்ன சொல்வார்கள் என்பதை அல்பிரட் சொல்லுக்குச் சொல் அறிந்திருந்தார். ஆகவே வெளியே தெரியக் கூடாது என்பதே அவருடைய முதுமையின் முழுநேர வேலையாயிற்று.

அந்த ஆண்டு ஆடித் திருவிழாவுக்கு மருதாயியின் தங்கை, யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு சாக்கு நிறையச் சின்ன வெங்காயம் அனுப்பியிருந்தாள். எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்தில் பெற்றோருடன் வடக்கே போன அவள், அங்கே ஒரு வெங்காயத் தோட்டத்தில் வேலை செய்து அங்கேயே வாழ்க்கைப்பட்டவள். அன்னதானத்துக்கு வெங்காயம் தருவதாக அம்மனுக்கு நேர்ந்திருந்தாள். சாக்கு லொறியில் வந்து, கோயில் மடைப்பள்ளி மூலையில் இறங்கியது. அதற்குள் இன்னொன்றும் இருந்தது.

மருதாயி வெங்காயம் அள்ளக் கையை விட்டாள். "சுருக்குன்னு என்னமோ குத்திருச்சு" என்று கையை உதறினாள். சிமெந்துத் தரையில் ஒரு தேள் விழுந்து ஓடியது. யாரோ தேங்காய்த் துருவியால் அதை அடித்தார்கள்.

அல்பிரட் அப்போது அங்கே இருந்தார். அவர் கத்தோலிக்கர், ஆனாலும் அம்மன் கோயில் அன்னதான வரிசையை ஆண்டுதோறும் ஒழுங்குபடுத்துபவர் அவரே. சமயம் வேறாக இருக்கலாம். வரிசையில் முந்துகிறவர்கள் எல்லாச் சமயத்திலும் இருக்கிறார்கள் என்பது அவருடைய கருத்து. கருந்தேள் அவரை நான்கு முறை கொட்டியிருக்கிறது. ஆகவே எல்லாரும் அவருடைய முகத்தைப் பார்த்தனர்.

அந்த மலைகளில் தேள் என்றால் கருந்தேள்தான். உள்ளங்கை நீளம் இருக்கும். கொடுக்குகள் நண்டின் கொடுக்குகளைப் போலத் தடித்திருக்கும். கொட்டினால் கடுக்கும், மறுநாள் மலைக்குப் போகலாம். தரையில் கிடந்ததோ சுண்டுவிரல் அளவே இருந்தது. மெல்லிய கொடுக்கு, செம்மண் நிறம்.

அல்பிரட் குனிந்து பார்த்தார். "இது நம்ம கருந்தேளோட குட்டி. இன்னும் கறுக்கல" என்றார்.

கேட்டவர்களுக்கு அது சரியாகவே பட்டது. பெரிய தேளுக்குப் பெரிய விஷம், சிறிய தேளுக்குச் சிறிய விஷம் என்பதை அங்கே யாரும் யாருக்கும் கற்பிக்க வேண்டியிருந்ததில்லை. மருதாயியின் விரலில் புளியும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசினார்கள்.

"குட்டி கொட்டினதுக்கெல்லாம் ஒக்காந்திறாத புள்ள. வெங்காயம் உரிக்க ஆள் இல்ல" என்றாள் ஒருத்தி.

"ஒன் வாயில கொட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றாள் மருதாயி. உட்கார்ந்து உரிக்கவும் தொடங்கினாள்.

அரை மணி நேரத்துக்குள் அவளுடைய சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. மழைக்கால மலைக்காற்றில் அவளுக்கு மட்டும் வியர்வை ஆறாக ஓடியது. வாயில் எச்சில் ஊறி வழிந்தது. இருமுறை வாந்தி எடுத்தாள். அவளைப் பிடித்த பெண், "கை பீலியில கொட்டுற ஊத்துத்தண்ணி மாதிரி சில்லுன்னு இருக்குங்க" என்று சொன்ன பிறகுதான் தோட்டத்து மருத்துவ உதவியாளர் ஜெகனுக்கு ஆள் போனது.

ஜெகன் வந்து இரத்த அழுத்தம் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். கருவி பழுதில்லை, அழுத்தம்தான் எகிறியிருந்தது. நாடி ஓடிக்கொண்டிருந்தது. அடிபட்டுக் கிடந்த தேளைக் கைத்தொலைபேசியில் படமெடுத்து, அடிவாரத்து மருத்துவமனை டொக்டருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினார். அந்தப் பிரிவில் கோயில் வாசற்படியில் மட்டுமே சிக்னல் கிடைக்கும். ஆகவே மருதாயியை வாசலுக்கே தூக்கிவந்து பாயில் கிடத்தினார்கள். டொக்டர் நிருஷா உடனே அழைத்தார். ஜெகனுக்கு இரண்டு கைகளும் வேண்டியிருந்ததால் தொலைபேசியை ஒலிபெருக்கும்படி வைத்துப் படியில் நிறுத்தினார். அதன்பின் டொக்டர் பேசியது எல்லாருக்கும் கேட்டது.

"ஜெகன், இது செந்தேள். நான் யாழ்ப்பாணத்துல வேலை செஞ்சப்ப நிறையப் பார்த்திருக்கேன். உங்க மலையில இது இல்லையே, எங்கேயிருந்து வந்துச்சு?"

"வெங்காயச் சாக்குல, டொக்டர். குட்டின்னு சொன்னாங்க."

"குட்டி இல்ல. முழுசா வளர்ந்தது. இவ்வளவுதான் வளரும். கருந்தேளை விட இதுதான் ஆபத்து. கை கால் எப்படி?"

"ஐஸ் மாதிரி இருக்கு."

"பிரசோசின் இருக்கா?"

"நம்மகிட்ட அது வர்றதில்ல, டொக்டர்."

"அம்புலன்ஸ்ல குடுத்து அனுப்புறேன்."

"காலையில மண்ணு சரிஞ்சி ரோட்டு மூடிக் கெடக்கு. ஜேசிபி வேலை செய்யுது. இன்னைக்குத் தொறக்குமான்னு சொல்ல முடியாதாம்."

"அப்ப ஒண்ணு செய்யுங்க. வயசான ஆம்பிளைங்களுக்கு மூத்திரம் சரியாப் போகாட்டிக் கிளினிக்ல குடுக்கிறதும் இதே குளிசைதான். அவ்வளவு பெரிய பிரிவுல ஒருத்தராவது பாவிப்பாங்க. தேடுங்க. நேரம் போனா இதயம் தாங்காது, நுரையீரல்ல தண்ணி சேரும்."

கோயில் பொருளாளர் சுதாகரன் ஒலிவாங்கியின் பக்கத்திலேயே இருந்தார். திருவிழாவுக்காக நான்கு திசைகளிலும் ஒலிபெருக்கி கட்டப்பட்டிருந்தது. அம்மன் பாட்டு நின்றது. அறிவித்தல் என்றால் அதற்கென்று ஒரு நடை உண்டு என நினைப்பவர் சுதாகரன்.

"பக்த கோடிகளுக்கு ஓர் அவசர அறிவித்தல். மூத்திரம் சரிவரப் போகாத ஆண்கள், தாங்கள் பாவிக்கும் குளிசையுடன் உடனடியாகக் கோயில் வாசலுக்கு வரவும். மீண்டும் அறியத் தருகிறோம். மூத்திரம் சரிவரப் போகாத ஆண்கள்."

பழக்கத்தினால் பாட்டை மறுபடியும் போட்டு, உடனே வெட்கப்பட்டு நிறுத்தினார்.

ஒருவரும் வரவில்லை. வாசலில் நின்ற ஆண்களில் ஒருவர் எதிர்மலையைப் பார்த்தார். ஒருவர் வேட்டியை இறுக்கிக் கட்டினார். இன்னொருவர், "நம்ம தோட்டத்துல அப்படி ஒரு நோய்வருத்தமே இல்லையே" என்று பொதுவாகச் சொன்னார். பெண்கள் சிரிக்கவில்லை. மருதாயி கண்களை மூடியிருந்தாள். மூச்சு மேல்மூச்சாக வாங்கியது.

அல்பிரட் வரிசைக் கோலைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

செலினா பவுடர் டின்னைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். ஒலிபெருக்கி அந்த வீட்டையும் விட்டுவைக்கவில்லை.

"நீங்க கொண்டு போறீங்களா, நான் கொண்டு போகவா?"

"நான்தான் குட்டின்னு சொன்னேன்."

"ஸ்பீக்கர்ல அதக் கேக்கல. குளிசையத்தான் கேட்டாங்க."

அல்பிரட் டின்னை வாங்கினார். திறந்து பார்த்தார். மழையினால் அம்மாதக் கிளினிக் நாள் தவறியிருந்தது. உறைக்குள் இரண்டு குளிசைகளே இருந்தன.

"இதையும் குடுத்திட்டா ஒங்களுக்கு? ரோட்டும் இல்லையே" என்றாள் செலினா.

"அடக்கிக்கிறேன்."

"ஒங்க வருத்தம் அடக்க முடியாதது இல்லைங்க. போகாததுதான் வருத்தம்."

அல்பிரட் டின்னை மூடிக்கொண்டு திரும்பி நடந்தார். வழியில் ஒரு வாக்கியத்தைத் தயாரித்துக்கொண்டார்.

"இது ஒரு சொந்தக்காரருக்காக வாங்கி வச்சது" என்று ஜெகனிடம் நீட்டினார்.

ஜெகன் உறையைத் திருப்பிப் பார்த்தார். "பிரசோசின் மாதிரிதான் இருக்கு, டொக்டர். ஆனா மேல்பக்கம் கிழிஞ்சிருக்கு. எத்தனை மில்லிகிராம்னு இல்ல."

"அது தெரியாம குடுக்க முடியாது. அளவு கூடினா பிரஷர் ஒரேயடியா விழுந்திடும். அந்தச் சொந்தக்காரரோட நம்பரைக் கேளுங்க."

எல்லாரும் அல்பிரட்டைப் பார்த்தனர். அவர் தலையிலிருந்த துவாயை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, பெரட்டில் பேர் கூப்பிடுகிற குரலில், தொலைபேசியை நோக்கிப் பேசினார்.

"பிரசோசின்தான். ஒரு மில்லிகிராம். ராத்திரிக்கு ஒண்ணு. ரெண்டு வருசமா நான்தான் குடிக்கிறேன். மொத நாளு குடிச்சிட்டு எழும்பினப்பத் தலை சுத்திப் பீலியடியில விழுந்தேன். பாசி வழுக்கிச்சுன்னு எல்லாருக்கும் சொன்னது பொய்."

"நல்லதுங்க ஐயா. வேண்டியது எல்லாத்தையும் சொல்லிட்டீங்க" என்றார் டொக்டர். "ஜெகன், அரைக் குளிசை. படுத்தபடியே குடுங்க. எழும்ப விடவே கூடாது. மூணு மணி நேரத்துக்கு ஒருதடவை இன்னொரு அரை. கை கால் சூடாகிற வரைக்கும்."

குளிசை உள்ளே போனது. மருதாயி கண்ணைத் திறந்தாள். குரல் மெலிந்திருந்தது, ஆனாலும் அதில் பழைய கூர் இருந்தது.

"அப்ப, கங்காணி... பூட்டுக்குச் சாவி கஹவத்தையிலதான் இருந்திச்சா?"

"பேசாமப் படு" என்றார் அல்பிரட்.

காத்திருக்கும் நேரத்தில் ஒரு பெண் ஜெகனிடம் ஐயத்தை எழுப்பினாள். தேள்கடிக்கு மூத்திரக் குளிசை எப்படி மருந்தாகும்? ஜெகன் அதை டொக்டரிடம் கேட்டார். டொக்டர் விளக்கினார், தாம் யாருடைய முன்னிலையில் விளக்குகிறோம் என்பது அவருக்குத் தெரியாது.

இரத்தக்குழாயின் சுவரில் ஒருவகைத் தசை இருக்கிறது. பள்ளிப் புத்தகத்தில் மழமழப்பான தசை என்று போட்டிருக்கும். கைத்தசையை நாம் மடக்கலாம், நீட்டலாம். இந்தத் தசை நம் பேச்சைக் கேட்காது. அதன் ஒவ்வொரு கலத்தின் மேற்றோலிலும் மிக நுண்ணிய வாசல்கள் உண்டு. அவற்றுக்கு அயன் கால்வாய்கள் என்று பெயர். கல்சியம் ஒரு வாசலால் உள்ளே வந்தால் தசை இறுகும். பொற்றாசியம் வேறொரு வாசலால் வெளியே போனால் தசை தளரும். இறுகு என்று கட்டளை இடுவது நரம்பு.

"நரம்பை ஒரு கங்காணின்னு வச்சுக்குங்க" என்றார் டொக்டர்.

வாசலில் ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது.

"செந்தேள் விஷத்துல பல பொருள் கலந்திருக்கு. அதுல ஒருவகை, நரம்பில இருக்கிற சோடிய வாசலை மூட விடாது. கங்காணி வாயை மூடாமக் கத்திக்கிட்டே இருப்பார். 'இறுகு, இறுகு.' அதுதான் பெரிய சேதம். இன்னொரு பொருள் நேரே தசைக்கே போகும். தளர்றதுக்கு இருக்கிற பொற்றாசிய வாசல் ஒண்ணுல தக்கை மாதிரி அடைச்சுக்கும். ஆக, கத்துறதும் நிக்காது, தளர வழியும் குறையும். குழாய் எல்லாம் இறுகினா இரத்தம் கைக்கும் காலுக்கும் போகாது, அதான் குளிர். இதயம் மூடின குழாய்க்கு எதிரா அடிச்சு அடிச்சுக் களைக்கும்."

"குளிசை அந்தத் தக்கையை எடுக்குமா, டொக்டர்?" என்று ஜெகன் கேட்டார்.

"எடுக்காது. விஷம் தானாத்தான் குறையணும். குளிசை கங்காணியையும் நிறுத்தாது. தசையோட காதைப் பொத்தும். அவ்வளவுதான். கத்தல் கேக்காட்டித் தசை தளரும். மூத்திரப்பையோட கழுத்துலயும் இதே தசை, இதே காது. அதனால அங்கேயும் வேலை செய்யுது."

"எங்களுக்கு முப்பது வருசத்துக்கு முந்தியே இந்தக் குளிசையைக் குடுத்திருக்கலாம்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அல்பிரட் திரும்பிப் பார்த்தார், சொன்னது யார் என்று பார்ப்பதற்காக அல்ல, பழக்கத்தினால்.

இரண்டாவது அரைக் குளிசைக்குப் பிறகு மருதாயியின் உள்ளங்கைகள் வெதுவெதுப்பாயின. மூன்றாவதற்குப் பிறகு பாதங்களும் சூடாயின. நான்காவது அரைக் குளிசையை டொக்டர் சொன்னபடி கொடுத்து முடித்தபோது உறை வெறுமையாயிற்று. மருதாயி தேநீர் கேட்டாள். சீனி போதாது என்று குறையும் சொன்னாள்.

அல்பிரட்டுக்கு அன்றிரவு குளிசை இல்லை. விடியற்காலையில் அவருடைய அடிவயிறு பானைபோல் மேடிட்டிருந்தது. அவர் கட்டிலின் விளிம்பில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். செலினா அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு, நேரே ஜெகனிடம் போய்ச் சொன்னாள். இம்முறை ஒலிபெருக்கி தேவைப்படவில்லை.

மருதாயியைக் கொண்டுபோக வைத்திருந்த தோட்ட லொறியில் அல்பிரட்டையும் ஏற்றினார்கள். மண்சரிவு விழுந்த வளைவில் ஜேசிபி சாரதி கையைக் காட்டி, "டிக்கக் இன்ட" என்றார். கொஞ்சம் பொறுக்கச் சொல்கிறார்.

"இதுல ஒருத்தருக்குப் பொறுக்க முடியாது, தம்பி. நெறஞ்சி போயிருக்கு" என்று மருதாயி லொறியிலிருந்து எட்டிப் பார்த்து, அதையே சிங்களத்திலும் விளக்கமாகச் சொன்னாள். சாரதி இரங்கி, வாளியைத் தூக்கி வழி விட்டார்.

மருத்துவமனையில் டொக்டர் நிருஷா முதலில் மருதாயியைப் பார்த்தார். இதயம் தப்பியிருந்தது, இரண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பலாம் என்றார். பிறகு அல்பிரட்டுக்கு ஒரு மெல்லிய குழாய் பொருத்தப்பட்டது. பையில் நிறைந்த அளவைப் பார்த்துத் தாதி ஒருவர் இன்னொரு தாதியை அழைத்துக் காட்டினார்.

"நேற்றுக் குளிசை குடுத்தவர் நீங்கதானே?" என்றார் டொக்டர். "இவ்வளவு நேரம் எப்படிப் பொறுத்தீங்க?"

"மனசு வச்சா முடியும்னு நெனச்சேன்."

"மனசுக்கும் இந்தத் தசைக்கும் பேச்சுவார்த்தை இல்லைங்க ஐயா. பை நெறையும்போது அதுவாச் சுருங்கப் பார்க்கும். கீழே இருக்கிற வேறொரு தசையைத்தான் நாம கொஞ்ச நேரம் இறுக்கிப் பிடிக்கலாம். அளவுக்கு மேல பிடிக்கச் சொன்னா உடம்புதான் கெடும். ஆம்பிளைக்கும் அப்படித்தான், பொம்பிளைக்கும் அப்படித்தான்."

அல்பிரட் அதைக் கேட்டுக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்து இருவரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். அல்பிரட்டின் குழாயை எடுக்க ஒரு வாரம் ஆகும். அதுவரை பையைக் கையோடு கொண்டுபோக வேண்டும். றக்வானையில் பஸ் ஏறியபோது அதில் கடைக்கு வந்து திரும்பும் தோட்டத்துப் பெண்கள் நிறைந்திருந்தனர். மருதாயி அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தன் துவாயை விரித்துப் பையை மூடினாள்.

அவர் துவாயை எடுத்து மடித்து அவளிடமே கொடுத்தார். "மலைக்காத்து அடிக்கும். நீ போத்திக்க."

பஸ் முதல் வளைவில் திரும்பியது. முன் இருக்கையிலிருந்த பெண் திரும்பி, மரியாதையாகப் பார்த்தாள். பல ஆண்டுகள் அவருடைய நிரையில் கொழுந்தெடுத்தவள்.

"அது என்னங்க, கங்காணி, கையில?"

"மூத்திரப் பை."

"அப்படீங்களா." அவள் அதைச் சற்று நேரம் ஆராய்ந்தாள். "மலைக்குக் கொண்டு போறதுக்கு எங்களுக்கும் ஆளுக்கொண்ணு கெடைக்குமாங்க?"

பெண்கள் அனைவரும் விடைக்காகக் காத்திருந்தனர். அல்பிரட் வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. பஸ் இரண்டாம் வளைவையும் கடக்கும்வரை யோசித்தார்.

"பை வேணாம்" என்றார். "மலையில ஒரு கக்கூஸ் கட்டச் சொல்லித் தோட்டத்துத் தொரைகிட்டக் கேக்குறேன். நாளைக்கு ஆபீசுக்குப் போறேன்."

"இதோடவா?"

"இதோடதான்" என்றார் அல்பிரட். "பார்த்தாத்தான் அவருக்கு வெளங்கும்."